நோகாத முழங்கால்

வேலையிடத்தில் நான் இப்போது வெறும் சுடுதண்ணீர் குடிக்கிறேன். லண்டனின் தெற்கே சட்டனில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசைதான் என் இடம். காலை எட்டரைக்குக் கதவைத் திறந்து, ஹீட்டரைப் போட்டு, கேத்திலைத் தட்டிவிட்டு, கொதிதண்ணீரைக் கோப்பையில் ஊற்றி இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என்னோடு வேலை செய்யும் டெபி முதல் நாள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, தேயிலைப் பையைப் போட மறந்துவிட்டாய் என்றாள். மறக்கவில்லை, இப்படித்தான் குடிக்கிறேன் என்றேன். இரண்டாம் நாள் "டயட்டா, லவ்?" என்றாள். மூன்றாம் நாள் ஒன்றும் கேட்காமல் ஒரு தேயிலைப் பையைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டேன். அன்று தொடங்கி ஒவ்வொரு காலையும் ஒன்று வைக்கிறாள். லாச்சிக்குள் இப்போது பதினொரு பைகள் கிடக்கின்றன. முப்பது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், இவர்களுடைய மழையையும் மன்னிப்புகளையும் பழகிவிட்டேன், ஆனாலும் ஒருத்தி பாலில்லாமல் சீனியில்லாமல் வெறும் தண்ணீரைச் சூடாக்கிக் குடித்தால் இவர்களுக்கு அது ஏதோ துக்கச் செய்திபோலத் தெரிகிறது. டெபி சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாளோ என்னவோ.

இந்தப் பழக்கம் எனக்குப் பீஜிங்கில் தொற்றியது. எங்கள் ஒரே மகள் மதுரா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். அதே பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிற வெய் என்ற பெடியனைப் பற்றிப் போன வருடம் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். வருடக் கடைசியில் "அம்மா, திஸ் இஸ் சீரியஸ்" என்றாள். வெய்யுக்குத் தகப்பன் இல்லை, தாய் மட்டும்தான். மதுரா அவரை லீ அன்ரி என்று கூப்பிடுவாள். தை மாதத்தில் நானும் என் புருசனும் பத்து நாள் அங்கே போவது, இரண்டு வீட்டாரும் முகம் பார்ப்பது என்று முடிவாகி, ரிக்கற் போட்டாயிற்று, விசா குத்தியாயிற்று, லீ அன்ரிக்கு ஒரு கம்பளிச் சால்வையும் வாங்கியாயிற்று. புறப்பட இரண்டு நாள் இருக்கையில் யாழ்ப்பாணத்தில் அண்ணை செத்துப்போனார். பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே முகங்கழுவுகிற பேசினுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாராம். பிறஷ் கையிலேயே இருந்ததாம். இதைச் சொன்ன சின்னம்மா, அடுத்த நாள் பின்னேரமே எடுக்கப்போகிறோம், நீ வந்து சேர முதல் எல்லாம் முடிந்துவிடும் என்றும் சொன்னார். பிறகு, நான் கேட்காமலே, இதையும் சொன்னார்:

"உனக்குத் துடக்கில்லைப் பிள்ளை. கலியாணம் கட்டிக் குடுத்த பொம்பிளைக்குப் புருசன்ர பக்கத்துத் துடக்குத்தான். தாய் தேப்பனெண்டால் மூண்டு நாள். சகோதரத்துக்கு ஒண்டுமில்லை. நீ யோசியாமல் போ. குமர்ப்பிள்ளையின்ர அலுவல்."

சாவு வீட்டுக்காரரை முப்பத்தொரு நாள் கோயிலுக்குள்ளும் நல்ல காரியங்களுக்குள்ளும் விடாமல் தள்ளி வைக்கிற அந்தத் தீட்டு எனக்கு இல்லை. எங்கள் பகுதி வழக்கத்தில் அது அப்படித்தான். அண்ணையின் பிள்ளைகளுக்கு உண்டு. கனடாவில் இருக்கிற, அண்ணையை ஒரு தடவையும் நேரில் பார்த்திராத, பெரியப்பாவின் பேரனுக்குக்கூட உண்டு. ஒரே பாயில் படுத்து, ஒரே அம்மை வருத்தத்தில் கிடந்து, ஒருவரின் சொறியை ஒருவர் எண்ணிய எனக்கு இல்லை. சின்னம்மா என்னைச் சுகப்படுத்தத்தான் சொன்னார், அது எனக்கு விளங்கியது. போனை வைத்துவிட்டுச் சூட்கேசை அடுக்கினேன். என் கைகள் தங்கள் பாட்டில் சொக்ஸ்களை உருட்டி உருட்டிச் சூட்கேசின் ஓரங்களில் வைத்தன. இவர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சேரும், அங்க இதைச் சொல்லவேண்டாம்" என்றார் கடைசியில். "முதல்முதலாச் சந்திக்கப் போறம். செத்தவீட்டுக் கதையோட போய் நிக்கேலாது." ஓம் என்றேன். சொல்லுவதற்கு என்ன இருக்கிறது? எனக்குத்தான் ஒன்றுமில்லையே.

போய் இறங்கின அடுத்த நாள், அண்ணை போன ஐந்தாம் நாள், லீ அன்ரி எங்களைப் பழைய ராசாக்களின் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். கோடைக்கால அரண்மனை என்று பெயர். நாங்கள் போன அன்று மைனஸ் ஒன்பது. வாசலைத் தாண்டினால் ஒரு பெரிய ஏரி, கரையிலிருந்து கரை வரை இறுகிப்போய்க் கிடந்தது. ஏரிமேல் சனம் நடந்தது. சிறிய நாற்காலிகளுக்கு அடியில் இரும்புத் தகடு பூட்டி, கையில் இரண்டு கம்பியைக் கொடுத்துவிடுகிறார்கள். கிழவரும் குழந்தைகளும் அதில் குந்தியிருந்து, கம்பியால் பனிக்கட்டியைக் குத்திக் குத்தி, தண்ணீர் இருக்கவேண்டிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போனார்கள். தூரத்தில் பதினேழு கண் வைத்த ஒரு பாலம், தன் நிழலைத் தொலைத்துவிட்டு நின்றது. என் கண்கள் எல்லாவற்றையும் பார்த்தன. வடிவு என்று தெரிந்தது. பேப்பரில் படித்த செய்தியைப் போல அது தெரிந்தது, அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை. கையுறைக்குள் விரல்கள் எங்கே முடிகின்றன என்று தெரியாததுபோலவே நான் எங்கே முடிகிறேன் என்றும் தெரியவில்லை.

லீ அன்ரி கட்டையான, வேகமாக நடக்கிற மனுசி. தோளில் ஒரு நீளமான பிளாஸ்க். ஒவ்வொரு இருபது நிமிடத்துக்கும் எங்களை மறித்து, சிறிய உலோகக் கோப்பைகளில் சுடுதண்ணீரை ஊற்றித் தருவார். குடித்து முடிக்கும் வரை நின்று பார்ப்பார். இவர் முதல் கோப்பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்து, "தேத்தண்ணியெண்டு நினைச்சன்" என்று என் காதுக்குள் சொன்னார். "பேசாமல் குடியுங்கோ" என்றேன். ஒரு பலகைக்கு முன்னால் வெய் நின்று ஆங்கிலத்தில் விளக்கினான்: இந்தத் தோட்டங்களை ஒரு காலத்தில் வெளிநாட்டுப் படைகள் எரித்தன, பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும், பிறகுதான் திருப்பிக் கட்டினார்கள். பிரித்தானியர் என்ற சொல் வந்ததும் அவன் எங்களைப் பார்த்தான், காது சிவந்தது. "உங்களைச் சொல்லவில்லை அங்கிள். அதாவது, உங்கள் பாஸ்போர்ட்... அதாவது, இல்லை" என்று தடுமாறினான். இவர் அவனுடைய தோளில் தட்டி, "அந்த நேரம் எங்களையும் அவங்கள்தான் ஆண்டவங்கள், தம்பி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, அதை ஆங்கிலப்படுத்த வார்த்தை தேடி, கடைசியில் "சொறி" என்றார். வெய்யும் "சொறி" என்றான். யார் எதற்காக மன்னிப்புக் கேட்டார்கள் என்று தெரியாமல் இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மதுரா சிரித்தாள். என் முகமும் சிரித்திருக்கவேண்டும், ஏனென்றால் லீ அன்ரி என்னைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஏரிக்கரையோரம் கூரை போட்ட நீள நடைபாதை ஒன்று போகிறது, உத்தரமெல்லாம் சித்திரம். அதன் கீழே நடக்கையில் எனக்கு என் கலியாண வீடியோ ஞாபகம் வந்தது. இருபத்திரண்டு வயதில் தனியாக லண்டனுக்குப் பொம்பிளையாக வந்தவள் நான். தென்லண்டனில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். என் பக்கத்திலிருந்து ஒரு குருவியும் இல்லை. மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வருகையில் பெண்ணின் சகோதரன்தான் அவர் காலைக் கழுவி, மாலை போட்டு, கைபிடித்து உள்ளே கூட்டி வரவேண்டும். மாப்பிள்ளை அவனுக்கு ஒரு மோதிரம் போடுவார். அண்ணை கடல் கடந்து, சோதனைச் சாவடிகள் கடந்து, வர வழியில்லாமல் யாழ்ப்பாணத்தில் இருந்தார். ஆகவே இவரோடு பெற்றோல் ஷெட்டில் வேலை செய்த ஒரு பெடியனைப் பிடித்து அண்ணையின் இடத்தில் நிறுத்தினார்கள். தை மாதம். அவன் பைப்புத் தண்ணீரை அப்படியே செம்பில் பிடித்துவந்து காலில் ஊற்ற, வீடியோவில் இவருடைய குரல் இன்றைக்கும் துல்லியமாகக் கேட்கும்: "டேய், ஐஸ் தண்ணியடா!" அந்தக் கசெற்று ஒன்று யார் யாரோ கையில் ஏறி, ஏழு மாதத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஜெனரேற்றர் பிடித்துப் படம் பார்த்துவிட்டு அண்ணை கடிதம் போட்டார். நலம், நலமறிய ஆவல் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒரு வரி: என்னுடைய இடத்தில் நின்ற பொடியன் யார், அவனிடமிருந்து என் மோதிரத்தை வாங்கி அனுப்பவும்.

முப்பது வருடம் அந்தப் பகிடி ஓடியது. எப்போது போன் எடுத்தாலும் "எங்கையடி என்ர மோதிரம்?" என்றுதான் தொடங்குவார். இரண்டு தடவை நாங்கள் ஊருக்குப் போனபோதும் விமான நிலையத்திலேயே விரலை நீட்டினார். கடைசியாகப் பேசியது கிறிஸ்மஸ் விடுமுறையில். வெய்யைப் பற்றிச் சொன்னேன். சீனப் பெடியன், என்ன சொல்லுவாரோ என்று பயந்து பயந்துதான் சொன்னேன். "மதுராவுக்குத் தம்பி இல்லையெல்லோ. சீனாக்காரன்ர காலை ஆர் கழுவுறது? நான் வாறன். மாமன் கழுவக்கூடாதெண்டு எந்த ஐயர் சொல்லுறாரெண்டு பாப்பம். இந்த முறையாவது மோதிரம் தாங்கோ" என்றார். பாஸ்போர்ட் எடுக்கப் படம் பிடித்துவிட்டதாக அடுத்த கிழமை வாட்ஸப்பில் அனுப்பினார்: நீலப் பின்னணியில், சிரிக்கக்கூடாது என்று சொல்லியிருப்பார்கள்போல, வாயை இறுக்கிக்கொண்டு. அந்தப் படத்தைத்தான் பிறகு பெரிதாக்கி மாலை போட்டார்கள்.

நடைபாதை முடிகிற இடத்தில் மலை. மலைமேல் எட்டு மூலை வைத்த உயர்ந்த கோபுரம், புத்தர் கோயில். நேர் செங்குத்தாகக் கற்படி. படியின் அடியில் லீ அன்ரி எங்களை நிறுத்தி, வெய்யைப் பார்த்து நிறையப் பேசினார். பேசப் பேச அவருடைய வாயிலிருந்து வெள்ளை ஆவி வந்தது. வெய் கூச்சத்தோடு மொழிபெயர்த்தான்: "அம்மா சொல்லுகிறார், மேலே ஆயிரம் கை உள்ள தெய்வம் இருக்கிறது. எல்லாரும் ஒன்றாய் மேலே போய், இரண்டு அம்மாக்களும் எங்களுக்காகக் கும்பிடவேண்டுமாம். அதற்காகத்தான் இன்றைக்கு இங்கே வந்தோம்." மதுரா என்னைப் பார்த்தாள். ஒரு பெண் தன் தாயைப் பார்த்து இவ்வளவு கெஞ்சலாம் என்று எனக்குத் தெரியாது. லீ அன்ரி என் கையைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார். என் கால் வரவில்லை.

குளிரில் விறைத்துப்போய்த்தான் வரவில்லை என்று முதலில் நினைத்தேன். இல்லை, கால் அசைந்தது, பின்னால் வைத்தால் வந்தது. மேலேதான் போகமாட்டேன் என்றது. இவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டே, பல்லுக்குள்ளால் தமிழில் சொன்னார்:

"சின்னம்மா சொல்லிப்போட்டாவெல்லோ? உமக்குத் துடக்கில்லை. வாரும். அதுகள் பாத்துக்கொண்டு நிக்குதுகள்."

"எனக்கு இருக்கு" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

"இஞ்சேரும், இது புத்த கோயில். சீனாவில கிடக்கு. உம்மட துடக்கு இஞ்ச ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். நீங்கள் போய் எனக்கும் சேத்துக் கும்பிடுங்கோ."

நாலு படி ஏறிவிட்டிருந்த மதுரா இறங்கி வந்தாள். "அம்மா, வட் ஆர் யூ டூயிங்? அன்ரி இதைக் கிழமைக்கணக்காப் பிளான் பண்ணினவா. மாமா வுட்ன்ட் மைண்ட், அம்மா. ப்ளீஸ்." அவள் சொன்னது சரி. அண்ணை ஒன்றும் நினைக்கமாட்டார். போடி விசரி, ஏறு என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் நான் அந்தப் படியில் ஏறினால் சின்னம்மா சொன்னது உண்மையாகிவிடும். ஐந்து நாளாக நான் விமானத்தில் தந்த சோற்றைச் சாப்பிட்டிருந்தேன், படங்களுக்குச் சிரித்திருந்தேன், சால்வையைக் கொடுத்துக் கைகுலுக்கியிருந்தேன். எல்லாவற்றுக்கும் ஓம் என்றிருந்தேன். அண்ணைக்காக நான் செய்யாமல் விடக்கூடிய ஒரேயொரு காரியம் இந்தப் படிதான். இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லுவது, அதை வெய் சீனத்தில் எப்படிச் சொல்லுவான்? என் மகளை ஏற்றுக்கொள்ள வந்த மனுசியிடம், உங்கள் தெய்வத்தின் முன்னால் உங்கள் மகனுக்காகக் கும்பிட எனக்கு ஏலாது என்றல்லவா அது போய்ச் சேரும்? மதுராவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஒன்றும் நிறையவில்லை. கல்லைப் போல நின்றேன்.

லீ அன்ரி என் முகத்தைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பிறகு குனிந்து தன்னுடைய முழங்காலைத் தொட்டுக் காட்டி, முகத்தைச் சுளித்து, என்னைப் பார்த்தார். நோகுதோ என்று கேட்கிறார். நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். எனக்கு முழங்காலில் ஒரு நாளும் நோவு இருந்ததில்லை. அந்த மனுசியின் முகம் முழுக்க இளகிப்போயிற்று. மூன்று பேரையும் மேலே போகச் சொல்லிக் கையால் விரட்டினார். வெய் ஏதோ கேட்டதற்கு அவனை ஏசுகிற மாதிரிப் பதில் சொன்னார். அவர்கள் ஏறினார்கள், இவர் ஒவ்வொரு பத்துப் படிக்கும் திரும்பிப் பார்த்தார்.

லீ அன்ரி கல்லாசனத்தில் என்னை இருத்தி, சுடுதண்ணீர் ஊற்றித் தந்தார். பிறகு பைக்குள்ளிருந்து சிறிய பொட்டலங்கள் இரண்டு எடுத்துக் கிழித்தார். காற்றுப் பட்டால் தானே சூடேறுகிற பொட்டலங்கள். நான் என்ன என்று உணர முதலே கற்தரையில் முழந்தாளிட்டு என் சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் சொன்னேன். சப்பாத்தைக் கழற்றி, காலைச் சொக்ஸோடு தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்து, பொட்டலத்தைப் பாதத்துக்கு அடியில் வைத்து, திரும்பப் போட்டுவிட்டார். மற்றக் காலையும் எடுத்தார். அவருடைய தலை உச்சியில் சாயம் போடாத நரை இரண்டு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. என் காலடியில் இப்படி யாரும் இருந்ததில்லை. அப்போதுதான் வாயைத் திறந்து, நல்ல தமிழில், ஆறுதலாகச் சொன்னேன்: "எனக்குத் துடக்கு அன்ரி. என்ர அண்ணை செத்து இண்டைக்கு அஞ்சு நாள். அதாலதான் மேல வரேலாமல் கிடக்கு."

அண்ணை செத்ததை என் வாயால் முதல்முதல் கேட்ட ஆள் அவர்தான். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் ஏதோ சொன்னார், சீனத்தில், நீளமாக, நடுவில் ஒரு தடவை ஏரிப் பக்கம் கைகாட்டி. முழங்கால் நோவுக்கு என்ன செய்யலாம் என்று சொன்னாரோ, தன் புருசனைப் பற்றிச் சொன்னாரோ, மதியம் என்ன சாப்பிடலாம் என்று சொன்னாரோ. நான் ஓம் என்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். மூக்குத்தான் வழிந்தது, அது குளிருக்கு. கால் விரல்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன, ஊசி குத்துகிற மாதிரி.

லண்டனுக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவோம். இவர் உள்ளே போவார், நான் காருக்குள் இருப்பேன். சின்னம்மாவிடம் யாரோ சொல்லி அவர் போனில் பேசினார்: "இல்லாத துடக்கைக் காக்கிறதும் பிழைதான் பிள்ளை." இருக்கட்டும் சின்னம்மா என்றேன். கோயில் கார்த் தரிப்பிடத்தில் தெரிந்தவர்கள் கண்ணாடியைத் தட்டி, "என்ன, உள்ள வரேல்லையோ?" என்று கேட்பார்கள். முதல் தடவை நான் பதில் தேடுவதற்குள் இவர் முந்திக்கொண்டு, "அவவுக்கு முழங்கால் ஏலாது" என்றார். அவ்வளவுதான். அடுத்த வெள்ளி ஒருவர் பிண்டத் தைலம் கொண்டுவந்தார். இன்னொருவர் தன் மச்சாள் சத்திரசிகிச்சை செய்த கதையைக் கார் யன்னலில் சாய்ந்து நின்று அரை மணி நேரம் சொன்னார். "இனி நீர் நொண்டிக்கொண்டுதான் நடக்கவேணும்" என்றார் இவர் வீட்டுக்கு வரும் வழியில். எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணை போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு என்று ஹை ஸ்ட்ரீட் சிக்னலில் நிற்கும்போது உறைத்தது.

நாலாம் கிழமை பீஜிங்கிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே பத்துப் பெட்டிப் பிளாஸ்திரி. கறுப்பு மருந்து தடவியது, பிரிக்காமலே கற்பூரமும் வேர்களும் மணத்தது. மதுரா ஒரு துண்டு எழுதி வைத்திருந்தாள்: லீ அன்ரி ஒவ்வொரு நாளும் உங்கள் முழங்காலைப் பற்றிக் கேட்கிறார். சித்திரையில் கலியாணத்தைப் பற்றிப் பேச லண்டனுக்கு வரப்போகிறாராம். உங்கள் வீட்டில் படி இருக்கிறதா, அந்தக் காலோடு எப்படி ஏறுகிறீர்கள் என்று கேட்டார். அம்மா, உண்மையைச் சொல்லட்டுமா? நீ சொல்லவேண்டாம் என்று பதில் போட்டேன். வரட்டும். நானே சொல்லிக்கொள்கிறேன் என்று போடவில்லை, ஆனால் நினைத்துக்கொண்டேன்.

நேற்று முப்பத்தோராம் நாள். யாழ்ப்பாணத்தில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, ஐயரை அனுப்பி, பந்தி வைத்துவிட்டார்கள் என்று அண்ணையின் மகன் செய்தி போட்டான். இங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. குளித்துவிட்டு வந்து ஒரு பிளாஸ்திரியைப் பிரித்து என் வலது முழங்காலில் ஒட்டினேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. பிறகு கோயிலுக்குப் போனோம். காரை நிறுத்திவிட்டு இவர் இறங்காமல் இருந்தார். "இண்டையோட எல்லாருக்கும் முடிஞ்சுது" என்றார். பிறகு முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "உமக்கும்" என்றார்.

"நீங்கள் போங்கோ. கொஞ்சத்தால வாறன்" என்றேன்.

கோயில் வாசலில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள மரவாங்கு இருக்கிறது. அதில் உட்கார்ந்து இடது காற் சப்பாத்தைக் கழற்றினேன். வலது காலின் கயிற்றில் கை வைத்தபோது பிளாஸ்திரி வேலை செய்யத் தொடங்கியது. முதலில் குளிர்ந்து, பிறகு மெல்ல மெல்லச் சுட்டது, நோவே இல்லாத இடத்தில். உள்ளே மணி அடித்தது. சனம் என்னைக் கடந்து போனது, "கால் எப்படி?" என்று கேட்டுக்கொண்டு. சுகம், சுகம் என்றேன். இடது பாதம் லண்டன் சீமெந்தில் விறைத்துக்கொண்டு வந்தது. வலது காலில் சப்பாத்து அப்படியே இருந்தது. முழங்கால் சுட்டுக்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்க்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வாசலில் இருந்தேன்.